கணக்கொப்புவிக்க ஒரு மனிதர் வேண்டுமா?

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களில் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை செய்கிறார். சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும் வாலிபர் ஐக்கியத்தின் பொருளாளராகவும் இருக்கிறார். மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசியில் பங்குச்சந்தை ஆப்ஷன் வர்த்தகம் (விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் பணம் போடும் வர்த்தகம்) செய்து 3,40,000 ரூபாய் இழந்திருக்கிறார். வங்கி லாக்கரில் இருப்பதாக மனைவி நம்பிக்கொண்டிருக்கும் நகைகளில் ஒன்பது பவுன் இப்போது அடகில் இருக்கிறது. பலமுறை கண்ணீரோடு ஜெபித்து, இனி இல்லை என்று பொருத்தனை செய்து, சில வாரங்களில் மீண்டும் அதே இடத்துக்குப் போயிருக்கிறார். அவருடைய கேள்வி இது: “தேவனிடம் அறிக்கையிட்டவன் மனிதனிடமும் ஏன் சொல்ல வேண்டும்? மத்தியஸ்தர் ஒருவரே அல்லவா? ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜெபக்குழுவில் நம்பிச் சொன்ன வீட்டு விஷயம், அடுத்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஜெப விண்ணப்பமாக வாசிக்கப்பட்டது. அதன்பின் நான் யாரிடமும் வாய் திறப்பதில்லை. உன்னைக் கணக்குக் கேட்க ஆள் இல்லை, அதுதான் உன் குறை என்று என் நண்பன் சொல்கிறான். அப்படி ஓர் ஆள் வேண்டும் என்பது வேதத்தில் உள்ளதா? உள்ளதென்றால் அவரை எங்கே தேடுவது?”

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இழந்த தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறித்திருக்கிறீர்கள். கணக்கு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். மூன்றாம் பக்கத்தில், வாலிபர் ஐக்கியத்தின் பணத்தை நான் தொட்டதில்லை என்ற வரிக்கு மேலே, வேறு மையில், “இதுவரை” என்ற ஒரு சொல்லைச் செருகியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்கு மிகுந்த கவலை தந்ததும் மிகுந்த நம்பிக்கை தந்ததும் அந்தச் சொல்தான். கவலை ஏன் என்பது உங்களுக்கே தெரியும். நம்பிக்கை எதனால் என்றால், முகமறியாத ஒருவருக்கு எழுதி முடித்த பிறகும், சொன்னது முழு உண்மையாக இல்லையே என்று உங்கள் மனம் உங்களைத் திரும்பவும் அந்த வரிக்கு அழைத்து வந்திருக்கிறது. நீங்கள் கேட்கும் காரியம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது.

முதலில் உபதேசத்தைப் பற்றிய கேள்வி. அது சாக்குப்போக்காகக் கேட்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சீர்திருத்தச் சபைகளில் வளர்ந்த நம்மில் பலருக்கும் உள்ள நேர்மையான தயக்கம் அது. தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்று பவுல் எழுதியதில் மாற்றம் எதுவும் இல்லை. அந்த மத்தியஸ்தருக்கும் உங்களுக்கும் நடுவில் நானோ, உங்கள் ஆயரோ, வேறு எவருமோ நிற்க முடியாது. “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்” என்று யோவான் எழுதும்போது, இன்னொரு மனிதன் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கவில்லை. ஆனால் யாக்கோபு எழுதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்கிறார். மன்னிப்புப் பெறும்படிக்கு என்று எழுதாமல் சொஸ்தமடையும்படிக்கு என்று எழுதுகிறார். நோயாளி ஒருவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பதைப் பற்றிய பகுதி அது என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த நோயாளியின் படுக்கையருகில்தான் யாக்கோபு குற்ற அறிக்கையையும் கொண்டுவந்து வைக்கிறார். மன்னிப்பு தேவனிடமிருந்து நேராக வருகிறது. குணமாகுதலையோ அவர் பெரும்பாலும் இன்னொரு மனிதரின் கைவழியாகவே அனுப்புகிறார். மன்னிக்கப்பட்டுவிட்ட ஒன்றுக்காக நீங்கள் மூன்று ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். புண்ணை மட்டும் ஒருவரிடமும் காட்டவில்லை.

நமக்கு நாமே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருக்க முடியாது என்பதற்குத் தாவீதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. உரியாவின் மனைவி பத்சேபாளைத் தாவீது ராஜா எடுத்துக்கொண்டு, உரியாவைப் போரில் சாகவைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கு வந்தபோது பத்சேபாளின் குழந்தை பிறந்தாயிற்று. அப்படியானால் ஏறக்குறைய ஓர் ஆண்டு கழிந்திருக்கிறது. அந்த ஓர் ஆண்டும் ஆசரிப்புக் கூடாரத்தில் பலிகள் செலுத்தப்பட்டிருக்கும், சங்கீதங்கள் பாடப்பட்டிருக்கும். இருதயத்தை ஆராயும்படி தேவனிடம் மன்றாடத் தெரிந்த மனிதன்தான், உரியாவின் மரணத்தோடு அமைதியாக வாழ்ந்திருக்கிறான். தீர்க்கதரிசி சொன்ன கதையில், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானின் குற்றம் அவனுக்கு உடனே புரிந்தது, கோபம்கூட வந்தது. மற்றவன் கணக்கில் உள்ள பிழை கண்ணில் பட்டுவிட்டது, தன் கணக்கில் உள்ளது படவில்லை. “நீயே அந்த மனுஷன்” என்று வெளியிலிருந்து ஒரு குரல் சொல்ல வேண்டியிருந்தது. பத்சேபாளிடத்தில் தாவீதுக்குப் பிறந்த பிள்ளைகளின் பட்டியல் முதலாம் நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதில் ஒருவன் பெயர் நாத்தான். அந்தப் பெயர் ஏன் வைக்கப்பட்டது என்று வேதம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வசனத்துக்கு வரும்போதெல்லாம் நான் சற்று நின்றுவிடுகிறேன்.

உங்கள் கடிதத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. இரண்டு இடங்களில் இழப்பு என்று எழுதுகிறீர்கள். ஐந்து இடங்களில் முதலீடு என்று எழுதுகிறீர்கள். பங்குச்சந்தையில் முதலீடு செய்வதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஆப்ஷன்களிலும் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, கணக்கராகிய உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இதே எண்ணை உங்கள் நிறுவனத்தின் முதலாளி ஒரு திட்டத்தோடு கொண்டுவந்து காட்டியிருந்தால், வேண்டாம் ஐயா என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பீர்கள். உங்கள் கைப்பேசியில், இரவு பதினொரு மணிக்கு, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அதே எண் உங்களிடம் வேறு விதமாகப் பேசுகிறது. இது உங்கள் அறிவுக் குறைவால் வந்ததன்று. தனியாக இருப்பவனின் காதுக்குத் தன் குரல் மட்டுமே கேட்கிறது. அதனால்தான் “ஒண்டியாயிருந்து விழுகிறவனுக்கு ஐயோ” என்று பிரசங்கி எழுதினான்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டில், மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்தேன். அறுப்பின் பண்டிகையில் காய்கறியும் கோழியும் நெல்லும் ஏலம் போன பணம், வங்கியில் கட்டுவதற்காக ஓர் உறையில் என்னிடம் இருந்தது. அந்த வாரத்தில் என் தகப்பனாரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. உறையிலிருந்து 4,000 ரூபாய் எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று மனதார நினைத்தேன். அது பொய்யான நினைப்பன்று. ஆனால் சம்பளம் வந்தது, வேறு செலவும் வந்தது. ஒரு மாதம் இரண்டாயிற்று. அந்த இரண்டு மாதமும் நான் பீடத்தில் ஏறிப் பிரசங்கித்தேன், திருவிருந்து கொடுத்தேன், ஒவ்வொரு இரவும் தேவனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அங்கே வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சனிக்கிழமைதோறும் நாங்கள் இருவரும் சைக்கிளில் கிளைச் சபைகளுக்குப் போய், பொழுது சாயும்போது கண்மாய்க் கரை வழியாகத் திரும்புவோம். கரையில் மணல் கிடக்கும் ஓரிடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே வைத்துத்தான் கேட்டார். “ஐயா, ஏலப் பணம் இன்னும் பேங்குக்குப் போகலை போலிருக்கே?” அடுத்த வாரம் கட்டிவிடுவேன் என்றேன். சற்றுத் தூரம் பேசாமல் நடந்தார். “போன வாரமும் ஐயா அடுத்த வாரம்னுதான் சொன்னீங்க.” குரலில் சந்தேகமும் இல்லை, குத்தலும் இல்லை. நான் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்கு வசனம் சொல்லவில்லை. தலைப்பாகைத் துண்டை எடுத்து உதறி, என் பக்கத்தில் விரித்து உட்கார்ந்து, நெடுநேரம் கழித்துச் சொன்னது இதுதான்: “நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் பொருளாளர்கிட்டச் சொல்லிருவோம். நானும் வர்றேன்.”

மறுநாள் வந்தார். நான் பேசி முடிக்கும்வரை என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். குழு அந்தத் தொகையை முன்பணமாகப் பதிவு செய்து நான்கு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு மூப்பர் மிகக் கடுமையாகப் பேசினார்; அவர் பேசியது நியாயம். அதற்குப் பிறகு நான் அந்தச் சேகரத்தை விட்டு மாறுதலாகும்வரை, சனிக்கிழமைதோறும் அதே மணலில் அவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்பார்: இந்த வாரம் ஜெபிக்க நேரம் கிடைத்ததா, சபைப் பணம் சரியாக இருக்கிறதா, வீட்டில் அம்மாவிடம் கோபமாகப் பேசினீர்களா. பதவியில் அவர் எனக்குக் கீழ். நான் கையெழுத்திட்டால்தான் அவருக்குச் சம்பளம். ஆனாலும் என் ஆத்துமாவுக்கு அந்தக் காலத்தில் மேய்ப்பராக இருந்தவர் அவர்தான்.

கணக்குக் கேட்பதும் கூடவே நடப்பதும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை நான் அவரிடத்தில்தான் கற்றேன். கேள்வி மட்டும் இருந்தால் அது தணிக்கை. உங்கள் அலுவலகத்துக்கு ஆண்டுக்கொரு முறை வருகிறாரே, அவருடைய வேலை. ஆறுதல் மட்டும் இருந்தால் அது நட்பு. நட்பு நல்லதுதான், ஆனால் உங்கள் நண்பர்கள் எவரும் இத்தனை நாளும் உங்கள் பணக் கணக்கைப் பற்றி உங்களிடம் கேட்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரம் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது: ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும், ஆனால் அவனவன் தன்தன் பாரத்தையும் சுமக்க வேண்டும். அதற்கு முந்தின வசனத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் சீர்பொருந்தப்பண்ணப் போகிறவனிடம், “நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக்குறித்து எச்சரிக்கையாயிரு” என்று பவுல் சொல்கிறார். கேட்கிறவரும் விழக்கூடியவர்தான் என்ற அறிவு அவரிடத்தில் இருந்தால்தான் அவர் கேள்வி உங்களுக்கு மருந்தாகும்.

இந்த வழக்கம் சபையில் பழமையானது. 1742 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பின்பற்றியவர்கள் தங்கள் ஆராதனைக் கூடத்தின் கடனை அடைப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று ஒருவர் சொல்ல, ஏழைகளால் அதுவும் முடியாதே என்று மற்றொருவர் சொன்னார். கேப்டன் ஃபாய் என்பவர் எழுந்து, மிகவும் ஏழைகளாக உள்ள பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படியும், அவர்களால் தர முடியாததைத் தாமே தந்துவிடுவதாகவும் கூறினார். அப்படியே மற்றவர்களும் பதினொரு பேர், பன்னிரண்டு பேராகப் பொறுப்பேற்றார்கள். வாரந்தோறும் காசு வாங்க வீட்டுக்கு வீடு போனபோதுதான், ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை என்று உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரிய வந்தது. இதைத்தான் நான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்று வெஸ்லி உணர்ந்தார். காசு வாங்குகிறவரே ஒவ்வொருவருடைய ஆத்துமாவின் நலத்தையும் விசாரிக்கும் வகுப்புக் கூட்டங்கள் அப்படிப் பிறந்தன. தர முடியாதவருக்காகத் தானே தருகிறேன் என்று முதலில் சொன்னவர்தான் கேட்கும் உரிமையையும் பெற்றார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நம் மதுரையிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1606-இல் இங்கே வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, தாம் மேற்கொண்ட உடைக்கும் உணவுக்கும் பழக்கவழக்கங்களுக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியவரானார். முதலில் குற்றம் சாட்டியவர் இதே ஊரில் இருந்த அவருடைய சபைத் துறவி ஒருவர்தான். என் ஊழியத்தைக் கேள்வி கேட்க நீ யார் என்று நொபிலி விலகிப் போய்விடவில்லை. பொறுமையாகப் பதில் எழுதினார், மேலிடத்தின் தீர்ப்புக்குக் காத்திருந்தார், 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளிக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். கணக்குக் கேட்கப்படுகிறவர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர். உங்களை ஒருவர் கேட்கும்போது, என்னைச் சந்தேகிக்கிறாரே என்ற எரிச்சல் முதலில் வரத்தான் செய்யும். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஜெபக்குழுவில் உங்களுக்கு நடந்ததைப் பற்றி. அது தவறு, தம்பி. அன்பினால் செய்தது, ஜெபத்துக்காகச் சொன்னது என்றெல்லாம் சொல்லி நான் அதை மெழுக மாட்டேன். ஒருவர் நம்பிக்கையோடு ஒப்படைத்ததை அவருடைய அனுமதி இல்லாமல் எடுத்துப் பரப்புவது புறங்கூறுதல். ஜெப விண்ணப்பம் என்று பெயர் மாற்றினாலும் அது புறங்கூறுதல்தான். நம் சபைகளில் இந்தப் பாவம் மிகவும் மரியாதையான உடையில் உலவுகிறது. இதனால் வாயடைத்துப் போனவர்கள் எத்தனையோ பேரை ஆலோசனை அறையில் நான் சந்தித்திருக்கிறேன். உங்கள் காயம் கற்பனையன்று. ஆனால் அன்று நீங்கள் பத்துப் பேர் உள்ள குழுவிடம் சொன்னீர்கள், அதுவும் எந்த உடன்பாடும் இல்லாமல் சொன்னீர்கள். இப்போது ஒரே ஒருவரிடம், சொல்வதற்கு முன்பே பேசி ஒத்துக்கொண்டு சொல்லப் போகிறீர்கள். இதை உங்கள் மனைவியிடமும் ஆயரிடமும்கூட என் அனுமதி இல்லாமல் சொல்ல மாட்டீர்களா என்று நேராகக் கேளுங்கள். இதற்கு ஒரு வரம்பு உண்டு என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் அவர் மௌனமாக இருக்கக் கூடாது. குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிய வந்தால் அதை அறிந்த எவரும் புகார் செய்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே சொல்கிறது. உங்கள் காரியம் அப்படிப்பட்டதன்று. ஆனாலும் ரகசியம் என்று எல்லாவற்றையும் மூடிவைக்கும் வழக்கம் சபைகளில் செய்திருக்கும் கேட்டைப் பார்த்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஆவிக்குரிய தகப்பன் என்று தம்மை அழைத்துக்கொண்டு, எந்த வீட்டை வாங்குவது, எந்தப் பெண்ணை மணப்பது என்பது வரை தம் அனுமதியைக் கேட்கச் சொல்கிறவர்களிடம் போய்விடாதீர்கள். 1970-களில் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாகாணத்தில் ஐந்து போதகர்கள் தொடங்கிய மேய்ப்பு இயக்கம் இந்த வழியில்தான் போயிற்று. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம், பலருடைய குடும்பங்களையும் மனச்சாட்சியையும் நசுக்கியதில் முடிந்தது; அந்த ஐவரில் ஒருவரே பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதுவே அளவுகோல். உங்களுடைய தீர்மானங்களை எடுத்துக்கொள்கிறவர் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் தேவனுக்கு முன்பாக எடுத்த தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்கிறவர் போதும்.

யாரைத் தேடுவது என்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, சபையின் பின்வரிசையில் உட்காரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தாயார் இறந்தபோது நாற்பது நாளும் மாலையில் வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனவர் என்று. நான் அவரை அறியேன். ஆனாலும் உங்கள் கை தானாக எழுதிய பெயர் அது. பிறருடைய கடிதங்களைப் பிரிக்காமல் சுமந்து பழகிய மனிதர். பேச்சுத் திறமையும் வேத அறிவும் உள்ளவரைத் தேடுவதைவிட, பிறரைப் பற்றி உங்களிடம் ஒருநாளும் பேசாதவரைத் தேடுங்கள். உங்களிடம் பிறரைப் பற்றிப் பேசுகிறவர் பிறரிடம் உங்களைப் பற்றியும் பேசுவார். உங்களிடம் கடன் வாங்கியவரோ கொடுத்தவரோ வேண்டாம். ஆயர் நல்லவராக இருந்தாலும், சபைப் பொறுப்புகளை உங்களுக்குத் தருகிறவரும் எடுக்கிறவரும் அவர் என்பதால், வாராவாரம் பேச வேறொருவர் இருப்பது இருவருக்கும் நல்லது. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. சிறிய காரியம் ஒன்றைச் சொல்லி, மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். அது வெளியே வராவிட்டால் பெரியதைச் சொல்லுங்கள்.

அவரிடம் கேட்கும்போது, எனக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நம் ஊரில் அதற்குச் சரி தம்பி என்பதற்கு மேல் பொருள் இல்லாமல் போய்விட்டது. ஆறு மாதத்துக்கு, வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், இன்ன இடத்தில் என்று சொல்லிக் கேளுங்கள். கேள்விகளை நீங்களே எழுதிக் கொடுங்கள், ஏனெனில் நீங்கள் எங்கே ஒளிந்துகொள்வீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இந்த வாரம் அந்தச் செயலியைத் திறந்தாயா? வங்கிக் கணக்கின் விவரத்தைக் காட்டுகிறாயா? மனைவியிடம் எதையாவது மறைத்தாயா? வேதத்தில் எதை வாசித்தாய்? இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு என்னிடம் பொய் சொன்னாயா? கடைசிக் கேள்வியைக் கேட்க அவர் கூசுவார். கட்டாயம் கேட்க வேண்டும் என்று நீங்கள்தான் அவரை வற்புறுத்த வேண்டும். “இரும்பை இரும்பு கருக்கிடும்” என்ற நீதிமொழியை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கருக்கரிவாளை ஆசாரியிடம் கொண்டுபோய்க் கருக்கு வெட்டி வாங்கியவர்களுக்குத் தெரியும், அது ஒருமுறை செய்து முடிந்துபோகும் வேலையன்று. அறுப்புக்கு அறுப்பு மழுங்கும், அறுப்புக்கு அறுப்பு கொண்டுபோக வேண்டும். ஒரு வாரம் விழுந்துவிட்டால் அந்த வாரம்தான் கட்டாயம் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் நின்றுவிடுவது அந்த வாரத்தில்தான்.

இந்த உறவு குற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். எருசலேமில் எல்லாரும் அஞ்சி ஒதுக்கிய சவுலை, அதாவது பவுலை, அப்போஸ்தலரிடம் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர் பர்னபா. பின்பு தர்சுவுக்கே போய்த் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவரும் அவரே. ஊழியப் பயணத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் வேண்டாம் என்றபோது, அவனைச் சேர்த்துக்கொண்டு கப்பலேறியவரும் அவர்தான். பல ஆண்டுகளுக்குப் பின் அதே பவுல், சிறையிலிருந்து, மாற்குவைக் கூட்டிவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். உங்களிடத்தில் கணக்கர் வேலையையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வரத்தையும் தேவன் வைத்திருக்கிறார். மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், உங்கள் விழுகையை மட்டுமன்றி, நீங்கள் காணாத அந்த வரத்தையும் அவர் காண்பார்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியவை. பொருளாளர் பொறுப்பை இந்த மாதமே விட்டுவிடுங்கள். முழுக் காரணத்தையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் ரசீதுப் புத்தகத்தையும் இருப்பையும் சரிபார்த்து, ஆயர் முன்னிலையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் கூட அனுப்பி, “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று எழுதினார். பவுலுக்கே தேவைப்பட்ட காவல் உங்களுக்கு அவமானம் ஆகாது. தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூத்தவரின் ஜெபம் மருத்துவருக்கு மாற்று ஆகாது. இன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போவதற்கும் தயங்காதீர்கள்.

உங்கள் மனைவியிடம் சொல்லியாக வேண்டும். நகை அவருடையது, அதைப் பற்றிய உண்மையை முதலில் அறியும் உரிமை அவருக்கு இருக்கிறது. லாக்கரை அவர் திறக்கும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அவர் அழுவார், கோபப்படுவார், சில நாள் பேசாமல் இருப்பார். அதற்கெல்லாம் அவருக்கு இடம் கொடுங்கள், மன்னித்துவிடு என்று அவசரப்படுத்த வேண்டாம். தனியாகச் சொல்லத் துணிவு இல்லையென்றால், அந்தப் பெரியவரையும் அவர் மனைவியையும் உங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்படி கேளுங்கள். அவர்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. அடகுச் சீட்டுகளை, ஒன்றுவிடாமல், ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள்.